பேட்டரிக்கு வராத கரண்ட்

எங்கள் கார் பழைய பெட்ரோல் வண்டி. அதை வாங்கியதே ஒரே ஒரு வேலைக்காகத்தான். வாரம் மூன்று முறை என் கணவரை ஆரணியிலிருந்து வேலூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும். முன்பு பஸ்ஸில்தான் போய் வந்தோம். ஒரு நாள் திரும்பி வரும்போது ரத்த அழுத்தம் இறங்கி, நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தார். டயாலிசிஸ் ஊசி போடும் கை கம்பியில் மோதி வீங்கிவிட்டது. அத்தோடு பஸ்ஸை விட்டோம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதன்முதலாகக் கடைத்தெருவில் ஓட்டிக்கொண்டு போனபோது ஆட்டோக்காரர்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள். மரியாதை எனக்கில்லை, அவரவர் உயிருக்கு.

தொந்தரவு ஐப்பசி மழையோடு ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் சோம்பலாக ஒரு சுற்று சுற்றிவிட்டு நிற்கும். இன்னொரு முறை திருப்பினால்தான் பிடிக்கும். பேட்டரி கடையில் பார்த்து, ஆயுசு முடிந்துவிட்டது என்றார்கள். புதிது போட்டேன். ஒரு வாரம் போவதற்குள் புதிதும் பழையதைப் போலவே சோம்ப ஆரம்பித்தது. எங்கள் தெரு மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, டைனமோவின் பின்பக்கம் மீட்டரை வைத்துப் பார்த்தார். இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கி பேட்டரியை நிரப்புவது இந்த டைனமோதான்.

"பேட்டரி புதுசு. டைனமோ நல்லா கரண்ட் விடுது. பெல்ட்டும் டைட்டா கீது. வண்டில ஒண்ணும் இல்லக்கா" என்றார்.

"ஒண்ணும் இல்லன்னா காலையில ஏன் செத்துக் கெடக்குது?"

"கிட்டக்கவே ஓட்டிகினு இருப்பீங்க. அதான் சார்ஜ் ஏறல."

"வேலூர் உங்களுக்குக் கிட்டக்கவா?"

அவர் தலையைச் சொறிந்தார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இவ்வளவு யோசனையெல்லாம் கிடையாது. புது வண்டிமேல் கண் பட்டுவிட்டது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பத்து வருஷம் ஓடித் தேய்ந்த வண்டியைப் புது வண்டி என்று சொன்னது அவர் ஒருவர்தான் என்பதால், அந்தச் சந்தோஷத்துக்காகவே நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். பேட்டரிக்கு அந்த விஷயம் எட்டவில்லை.

மல்டிமீட்டர் எனக்குப் புதிதல்ல. பட்டுப் புடவைக்கான டிசைனைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டு, முள்ளிப்பட்டு, சேவூர்ப் பக்கத்து வீடுகளில் தறிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டுப் பெட்டியில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. பெட்டி மக்கர் செய்தால், டிசைனைக் குறை சொல்வதற்கு முன்னால் உள்ளே கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் கைப்பையில் எப்போதும் மீட்டர் இருக்கும். ஒரு சாயங்காலம் காரை வாசலில் நிறுத்தி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து எங்காவது கரண்ட் கசிகிறதா என்று பார்த்தேன். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீட்டரைப் பார்த்தேன். எங்கும் கசிவு இல்லை. பிறகு இன்ஜினை ஓடவிட்டு மீட்டரைப் பேட்டரியின்மேல் வைத்தேன். பதினான்கு வோல்ட் காட்ட வேண்டும். பன்னிரண்டரையில் நின்றது. குடம் ஒழுகவில்லை, குடத்துக்குள் தண்ணீரே வரவில்லை என்று புரிந்தது. மறுநாள் நல்ல வெயிலில் மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டியபோது, அதே பேட்டரி அவருக்கு மட்டும் பதினான்கைக் காட்டியது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் வாயில் வந்ததை நான் சொல்லாமல் இருந்தது பெரிய விஷயம்.

நான் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் என் கணவர் கதவு நிலையில் வந்து நிற்பார். "தள்ளி நில்லுங்க, அந்தக் கையில எதுனா பட்டுடப் போவுது" என்பேன். ஒரு அடி பின்னால் போவார். சிறுநீரகம் போவதற்கு முன்னால் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். அதைவிட, பாவு பிணைப்பதில் அவருக்கு நல்ல பெயர். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு ஒன்று முடியும்போது, அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை வைத்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. முடிச்சு கிடையாது, முறுக்குதான். இவர் முறுக்கிய இழை பண்ணை என்கிற தறிச் சீப்பில் சிக்காது, அறுந்து விழாது என்று சேவூரிலிருந்துகூட வந்து கூட்டிப் போவார்கள். இப்போது தண்ணீர்க் குடத்தைத் தொட்டால்கூட நான் கத்துகிறேன். டாக்டர் சொன்னது ஒரு கையில் பாரம் தூக்கக் கூடாது என்றுதான். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னது நான்.

இன்னொன்றும் இருந்தது. வண்டி ஓடிச் சூடேறியதும் உள்ளே ஒரு வாசனை வரும். மயிர் பொசுங்குகிற வாசனை. "எலி எதுனா பூந்து செத்திருக்கும், பாக்கலாம்" என்றார் மெக்கானிக். சனிக்கிழமை வண்டியை முழுதாக விட்டுவிட்டுப் போனால் பிரித்துப் பார்ப்பதாகச் சொன்னார். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை வண்டி கிளம்பவே இல்லை. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். தெருவில் இருந்தவர்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னேன். விக்கிவிட்டு நின்றது. அன்றைக்குப் பெரிய முகூர்த்தம். ஊரில் இருந்த வாடகை வண்டி அத்தனையும் கல்யாணங்களுக்குப் போயிருந்தது. மெக்கானிக்குக்குப் போன் போட்டால் பின்னால் மேளச் சத்தம் கேட்டது. அவரும் அங்கேதான் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எங்கள் நேரம் தாண்டிவிட்டது, சனிக்கிழமை மெஷின் காலி இல்லை, திங்கட்கிழமை முதல் ஆளாக வந்துவிடுங்கள், நடுவில் மூச்சு முட்டினால் எமர்ஜென்சிக்கு வாருங்கள் என்றார்கள்.

டயாலிசிஸ் ஒன்று தவறினால் என்ன ஆகும் என்பது அப்படி ஒருவர் இருக்கிற வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். குடித்த தண்ணீர் வெளியே போக வழி இல்லை. முதலில் கால் வீங்கும், பிறகு முகம். ஞாயிற்றுக்கிழமை அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சில் தண்ணீர் ஏறி மூச்சை அடைக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எமர்ஜென்சிக்குப் போயிடலாமா என்று கேட்டபோதெல்லாம் விடியட்டும் என்று கையைக் காட்டினார். சனிக்கிழமை பார்ப்பதாகச் சொன்ன மெக்கானிக் கல்யாணத்திலிருந்து திரும்பவே இல்லை. திங்கட்கிழமைக்கு வாடகை வண்டி ஒன்றைச் சொல்லி வைத்திருந்தேன். அதோடு பேட்டரியையும் கழற்றி எடுத்துப்போய், கடையில் முழுக்க சார்ஜ் ஏற்றி, திரும்ப மாட்டி வைத்தேன். மனசு கேட்கவில்லை, அதனால் செய்தேன். செய்தது நல்லதாகப் போயிற்று. விடிந்ததும் வாடகை வண்டி டிரைவர் போன் செய்தார். ஏரி நிரம்பி அவர் ஊர் ரோட்டில் தண்ணீர் போகிறதாம், வர முடியாதாம்.

எங்கள் கார் ஒரே திருப்பில் கிளம்பியது. அவரை முன் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினேன். முகம் அவர் முகமாகவே இல்லை, கண் இரண்டும் இடுங்கிக் கிடந்தன. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினார். சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதைச் செருகினேன். 12.4 என்று சிவப்பாக எரிந்தது. வேலூர்வரை இது தாங்கினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

சேவூரைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டேன். 12.1. ஹெட்லைட் இல்லாமல் எதிரில் வருகிறவனுக்கு நான் இருப்பது தெரியாது. போட்டேன். 11.9. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த எண் ஏற வேண்டும். இறங்குகிறது என்றால் டைனமோவிலிருந்து வருவது போதவில்லை, வண்டி பேட்டரியில் இருக்கிற சரக்கைத் தின்றுகொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். பெட்ரோல் வண்டிக்கு பிளக்கில் பொறி பறக்கவும் கரண்ட் வேண்டும், பெட்ரோலை இழுக்கிற பம்புக்கும் கரண்ட் வேண்டும். சரக்கு தீர்ந்தால் நடுரோட்டில் நிற்கும். நின்றால் கிளம்பாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். இந்த மழையில் அது எப்போது வந்து சேரும் என்று தெரியாது. நின்று காத்திருப்பதைவிட ஓடுகிறவரை ஓடுவது மேல் என்று பட்டது.

ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, எதிரில் லாரி வந்தால் மட்டும் ஒரு முறை போட்டு அணைத்தேன். வைப்பரை நிறுத்திவிட்டு, கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்து ரோடு மறையும்போது ஒரு வீச்சு வீசவிட்டேன். ஏசி போடவில்லை, விசிறி போடவில்லை. உள்ளே எங்கள் மூச்சு பட்டுக் கண்ணாடியெல்லாம் புகை மூடியது. சீட்டுத் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டினேன்.

"கண்ணாடி..." என்றார் அவர். "கொஞ்சம் எறக்கு."

அவருக்குக் காற்று வேண்டும். அந்தக் கண்ணாடியோ மோட்டாரில் இறங்குகிறது. பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி முனகிக்கொண்டு இறங்கியது. எண் 11.3க்கு விழுந்து, மெதுவாக 11.6க்கு வந்து நின்றது. அவர் முகத்தை வெளியே நீட்டி மழையோடு சேர்த்துக் காற்றைக் குடித்தார். தோளெல்லாம் நனைந்தது. கண்ணாடியை ஏற்றவா என்று நான் கேட்கவில்லை. ஏற்றுவதற்கும் கரண்ட் வேண்டுமே.

கண்ணமங்கலத்தில் 11.4. பேசினால் கத்திவிடுவேன் என்று தெரியும். மெக்கானிக்கைத் திட்டினேன், பேட்டரி கடையைத் திட்டினேன், இந்த வண்டியை என் தலையில் கட்டியவனைத் திட்டினேன், எல்லாம் மனசுக்குள்ளேயே. அவர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். அந்தப் பொசுங்கல் வாசனை இப்போது மூக்கில் ஏறியது. ஜன்னல் திறந்திருந்தும் போகவில்லை.

கண்ணமங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் 11 என்று காட்டியது. டேஷ்போர்டில் ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பித்தது. ஸ்டியரிங் திடீரென்று கனத்தது. அதைச் சுழற்றிக்கொடுக்கிற மோட்டாரும் கையை விரித்துவிட்டது. தோளைக் கொடுத்துத் திருப்பினேன். பிறகு 10.8. ஒரு மேட்டில் இன்ஜின் இருமியது. ஆக்சிலேட்டரை மிதித்தும் ஒரு வினாடி வண்டியில் இழுப்பே இல்லை. பிறகு பிடித்துக்கொண்டது. இதற்கு மேல் ஓட்டினால் எங்கே நிற்கும் என்பது என் கையில் இல்லை என்று புரிந்துவிட்டது.

ரோட்டோரம் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. அங்கே போனால் முதலில் இன்ஜினை அணைக்கச் சொல்வார்கள். விட்டேன். அடுத்து ஒரு டீக்கடை, முன்னால் தகரக் கூரை. வண்டியின் மூக்கைக் கூரைக்குள் நுழைத்து நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி பானெட்டைத் தூக்கினேன்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, சூடாயிடுச்சா? ஆஃப் பண்ணுங்க, ஆறட்டும்."

"ஆஃப் பண்ணா திரும்ப கிளம்பாதுங்க."

"தள்ளிக்கலாம். நாலு பேரு கீறோம்."

"அதெல்லாம் தள்ளிப் பாத்தாச்சு. உள்ள இருக்கறவருக்கு மூச்சு வாங்குது, ஜல்தியா வேலூர் போவணும். கொஞ்சம் தண்ணி விழாம எதுனா புடிங்க, போதும்."

அவர் ஒரு பிளாஸ்டிக் சாக்கைப் பிரித்து, கூரை ஒழுகுகிற பக்கம் என் தலைக்கு மேல் பிடித்தார்.

மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்தேன், சிவப்பு முனையைப் பிளஸில் வைத்தேன். 10.7. கறுப்பை அங்கேயே அழுத்திக்கொண்டு, சிவப்பை மட்டும் எடுத்துக் குனிந்து, ஓடுகிற பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டைனமோவின் பின் போல்ட்டில் வைத்தேன். புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தேன், அந்தப் பெல்ட் எதையும் இழுத்துக்கொள்ளும். 14.6.

நம்பமுடியாமல் மறுபடி வைத்தேன். அதே 14.6. டைனமோ கொடுக்கிறது. பேட்டரிக்கு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கம்பிதான், விரல் பருமனுக்கு, கறுப்பு பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடுவது. மெக்கானிக் முதல் நாள் அந்த முனையில் மட்டும் பார்த்து டைனமோ நல்லா கீது என்றார். நான் இந்த முனையில் மட்டும் பார்த்து வரவில்லை என்றேன். இரண்டு பேரும் சொன்னது சரி. நடுவில் யாரும் பார்க்கவில்லை.

கம்பியை டைனமோவிலிருந்து கையால் தடவிக்கொண்டே வந்தேன். பேட்டரிக்கு ஒரு சாண் இருக்கும்போது கை சுட்டது. குழாய் இளகிப்போயிருந்தது. விரித்தேன். உள்ளே கறுப்பு டேப், சுத்தமாக, ஒரு மடிப்பு இல்லாமல் சுற்றியிருந்தது. டேப்பின் ஓரத்தை நகத்தால் பிரித்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. மயிர் பொசுங்கும் வாசனை. எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், பட்டு அசலா என்று பார்க்க ஒரு இழையை நெருப்பில் காட்டினால் வருகிற வாசனை அதுதான். ஒரு மாதமாக அந்த வாசனையை மூக்கில் வைத்துக்கொண்டு எலியைத் தேடியிருக்கிறேன்.

டேப்புக்குக் கீழே அரக்கு நிறப் பட்டு நூல், நெருக்கமாகச் சுற்றியது, பாதி கருகியிருந்தது. அதற்கும் கீழே செம்பு இழைகள். அறுந்த கம்பியின் ஒவ்வொரு இழையையும் எதிர்ப்பக்கத்து இழையோடு வைத்து, முறுக்கி, ஒரே பக்கமாக மடித்துப் படியவிட்டிருந்தது. இடுக்கிலெல்லாம் சாம்பல். எங்கள் ஊரில் இப்படி முறுக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. என் வீட்டில் ஒருவர்தான்.

நூலுக்கு இழுவை தாங்கினால் போதும். கம்பிக்கு அது போதாது. செம்பும் செம்பும் இறுகி ஒட்டியிருக்க வேண்டும், நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது. இங்கே நடுவில் சாம்பல் இருந்தது. மழை ஈரம் புகுந்து செம்பு பச்சை பூத்திருந்தது. காய்ந்த நாளில் கரண்ட் எப்படியோ நுழைந்து போயிருக்கிறது. அதனால்தான் மெக்கானிக்குக்குப் பதினான்கு காட்டியது. ஈரமான நாளில் அது அங்கேயே நின்று சூடாகி, பட்டைக் கருக்கிக்கொண்டிருக்கிறது.

தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. அந்தச் சமயத்தில் அவர் நல்ல உடம்போடு இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சொல்ல நேரம் இல்லை. பேட்டரி தொல்லை ஆரம்பித்ததிலிருந்து டிக்கியில் ஜம்ப்பர் கேபிள் ஒன்று கிடந்தது, மற்ற வண்டியிலிருந்து கரண்ட் வாங்குவதற்காக. அதில் சிவப்பை மட்டும் எடுத்தேன். ஒரு கவ்வியைப் பேட்டரியின் பிளஸில் கவ்வவிட்டேன். இன்னொரு கவ்வியை டைனமோவின் போல்ட்டில் வைக்க வேண்டும். வழியில் வேறு எந்த இரும்பிலும் பட்டால் பொறி பறந்து எல்லாம் முடிந்துவிடும். ஒரு பக்கம் பெல்ட் ஓடுகிறது. இது செய்யக் கூடாத வேலை என்று எனக்குத் தெரியும். இன்ஜினை அணைத்துவிட்டுச் செய்தால் பயமில்லை, ஆனால் அணைத்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை இறக்கினேன். போல்ட்டைத் தொட்டதும் சின்னதாக ஒரு பொறி. கவ்விக்கொண்டது.

கேபிள் தளர்ந்து பெல்ட்டின் பக்கம் சாய்ந்தது. கட்ட ஏதாவது வேண்டும் என்று திரும்பினேன். அவர் வண்டியிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றிருந்தார். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"உள்ள போயி உக்காருங்க" என்று கத்தினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். துண்டை வாங்கிக்கொண்டேன்.

துண்டால் கேபிளை ஒரு பக்கமாக இழுத்துக் கட்டினேன். பேட்டரிமேல் இருந்த கவ்வி உயரமாக நின்றது, பானெட்டை மூடினால் தகரத்தில் படும். காலில் இருந்த ரப்பர் செருப்பில் ஒன்றைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்து, பானெட்டை மெதுவாக இறக்கினேன். டீக்கடைக்காரருக்கு நன்றி சொன்னேனா என்று இப்போது நினைத்துப் பார்த்தால் ஞாபகம் இல்லை. பணம் வேண்டாம், டீ வேண்டாம், போங்கக்கா என்று அவர் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

உள்ளே ஏறியதும் மீட்டரைப் பார்த்தேன். 13.5. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 13.7. வைப்பரைப் போட்டேன், ஹெட்லைட்டைப் போட்டேன், விசிறியைப் போட்டேன். இறங்கவில்லை. ஸ்டியரிங் லேசானது. சந்தோஷம் வர வேண்டும். பக்கத்தில் அவர் மூச்சு விடுகிற சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொரகொரவென்று கேட்டது. இனி வண்டியைப் பற்றிய பயம் போய், அந்தச் சத்தத்தைப் பற்றிய பயம் மட்டும் மிச்சம் இருந்தது. கணியம்பாடியில் ஒரு மாட்டு மந்தை குறுக்கே வந்தபோது ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. மாடுகூட என்னைத் திட்டியிருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியோடு ஓடி வந்தார்கள். ஆக்சிஜன் மாட்டினார்கள். இவ்வளவு தண்ணீரோடு எப்படி விட்டீங்க என்று டாக்டர் என்னைக் கடிந்துகொண்டார். வண்டி என்றேன். வண்டி என்பதை அவர் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. கையில் ஊசி ஏற்றி, மெஷினை ஓடவிட்டு, என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் சேற்றோடும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் காலைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

உட்கார்ந்த இடத்தில் வார்த்தைகளை வரிசையாகச் சேர்த்தேன். உங்களுக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும். கேட்டுச் செஞ்சா இன்னா. வெள்ளிக்கிழமை உங்க முறுக்காலதான் வண்டி கிளம்பல, உங்க மூச்சை நீங்களே கட்டிக்கினீங்க. இன்னும் நிறைய இருந்தது. ஒன்றையும் விடக் கூடாது என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

பாதி நேரம் போனபின் நர்ஸ் கூப்பிட்டார். உள்ளே போனேன். முகத்தில் வீக்கம் கொஞ்சம் வடிந்து, அவர் முகம் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆக்சிஜன் இல்லாமல் மூச்சு விட்டார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "வண்டி?"

"ஓடுது."

கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எப்ப கட்டினீங்க?" என்றேன். சேர்த்து வைத்ததில் இது இல்லை. எப்படியோ இதுதான் வந்தது.

"நீ முள்ளிப்பட்டுக்குப் பெட்டி பாக்கப் போயிருந்த அன்னிக்கு. சும்மா தெறந்து பாத்தேன். எலி கடிச்சிருந்தது. மொத்தமும் அறுந்து, நாலஞ்சு இழையிலதான் தொங்கிகினு இருந்தது. அப்டியே உட்டா நடுவழில நின்னுடுமேன்னு."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"கட்டினப்பறம் நல்லா ஓடிச்சு. எத்தினி நடை போயி வந்தோம். வேலூர் வந்து எறங்கறப்பல்லாம் சொல்லணும்னு தோணும். நான் கட்டினதுலதான் ஓடுதுன்னு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "சொன்னா இனிமே எதையும் தொட உட மாட்ட. அதான் இருக்கட்டும்னு இருந்துட்டேன். அப்பறம் ஓடல."

"சரி, வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கலாம். இன்னிக்கு வழில சொல்லியிருக்கலாம். மூச்சு அடைக்குது, அப்பகூட வாயத் தெறக்காம உக்காந்துகினு இருந்தா இன்னா அர்த்தம்?" குரல் உயர்ந்துவிட்டது. அடுத்த கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

அவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"நீ அந்த நம்பரையே பாத்துகினு வந்தல்ல. நானும் அதத்தான் பாத்துகினு வந்தேன்" என்றார். "பத்துக்குக் கீழ போனா சொல்லிடலாம்னு வெச்சிருந்தேன்."

பத்தேமுக்கால் காட்டும்போதே இன்ஜின் இருமிவிட்டது. பத்துக்கு வருவதற்கு முன்பே வண்டி நின்றிருக்கும். அது அவருக்குத் தெரியாது. சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.